மாடியில் கணினி, கூடத்தில் நீங்கள்: ரிமோட் டெஸ்க்டாப் கேள்வி பதில்

வீட்டுக்குள்ளேயே ஒரு கணினியில் உட்கார்ந்து இன்னொன்றைத் திறப்பது பற்றி வந்த கேள்விகளை இந்த இதழில் எடுத்துக்கொண்டிருக்கிறோம். பெரும்பாலோர் கேட்டிருப்பது விண்டோஸோடு வரும் ரிமோட் டெஸ்க்டாப் பற்றித்தான். எந்தக் கணினியைத் திறக்கப் போகிறீர்களோ, அதை இங்கே எதிர்முனைக் கணினி என்று குறிப்பிடுகிறோம்.

பதில்களுக்குள் போகுமுன் ஒரு விஷயம். இணைப்பு கிடைக்காததில் இரண்டு வகை உண்டு. எதிர்முனை வரை போய்ச் சேரவே இல்லை என்பது ஒன்று. போய்ச் சேர்ந்தும் உள்ளே விடவில்லை என்பது மற்றொன்று. முதலாவது நெட்வொர்க், ஃபயர்வால் (வெளியிலிருந்து வரும் இணைப்புகளை வடிகட்டும் தடுப்பு) சம்பந்தப்பட்டது. இரண்டாவது பயனர் கணக்கும் பாஸ்வேர்டும் சம்பந்தப்பட்டது. எது என்று தெரிந்துகொள்ளாமல் ரவுட்டரை ரீசெட் செய்வதும், விண்டோஸை அழித்து மறுபடி போடுவதும் வீண் உழைப்பு.

மாடியில் மேசைக்கணினி, கீழே லேப்டாப். இரண்டும் ஒரே வைஃபை. போன வாரம் வரை வேலை செய்தது. இப்போது 'ரிமோட் டெஸ்க்டாப் கான்ட் கனெக்ட்' என்று மூன்று காரணங்களைப் பட்டியல் போட்டு நின்றுவிடுகிறது. எங்கிருந்து தொடங்குவது? – வாசகர், தஞ்சாவூர்

அந்தச் செய்தி சொல்லும் மூன்று காரணங்கள்: எதிர்முனையில் ரிமோட் வசதி அணைந்திருக்கலாம், கணினியே அணைந்திருக்கலாம், நெட்வொர்க்கில் இல்லாமல் இருக்கலாம். அதாவது உங்கள் அழைப்பு போய்ச் சேரவில்லை. பாஸ்வேர்டு கேட்கும் கட்டம் வரவே இல்லை என்பதால் கணக்கு விவரங்களை இப்போதைக்குத் தொட வேண்டாம்.

முதலில் மாடிக்குப் போய்ப் பாருங்கள். கணினி தூங்கிவிட்டதா? செட்டிங்ஸில் சிஸ்டம், அதில் பவர் பகுதிக்குப் போய், மின் இணைப்பில் இருக்கும்போது எத்தனை நிமிடத்தில் ஸ்லீப் ஆகிறது என்று பாருங்கள். அதை 'நெவர்' என்று வைக்க வேண்டும். திரை மட்டும் அணைந்தால் பாதகமில்லை. எதிர்முனை லேப்டாப் என்றால், மூடியை மூடினாலும் தூங்காதபடி கன்ட்ரோல் பேனலின் பவர் ஆப்ஷன்ஸில் மாற்றிவிடுங்கள்.

அடுத்தது ஐபி முகவரி, அதாவது நெட்வொர்க்கில் ரவுட்டர் அந்தக் கணினிக்குக் கொடுத்திருக்கும் எண். எதிர்முனையில் கமாண்ட் ப்ராம்ப்ட் திறந்து 'ஐபிகான்ஃபிக்' கட்டளை கொடுங்கள். ஐபிவி4 என்ற வரியில் வரும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். 192.168.1.20 என்று வைத்துக்கொள்வோம். கீழே இருக்கும் லேப்டாப்பில் நீங்கள் இத்தனை நாள் கொடுத்துவந்த எண் இதுதானா? வேறாக இருந்தால் கோளாறு அங்கேயே பிடிபட்டுவிட்டது. மின்வெட்டுக்குப் பிறகு இது அடிக்கடி நடக்கும். யாருக்கு எந்த முகவரி கொடுத்தோம் என்ற குறிப்பைப் பல ரவுட்டர்கள் மின்சாரம் போனதும் மறந்துவிடும். மின்சாரம் வந்ததும் கைபேசியோ டிவியோ முந்திக்கொண்டு அந்த எண்ணை வாங்கிவிட்டால், கணினிக்கு வேறு எண் போய்விடும்.

எண் சரிதான் என்றால் போர்ட்டை, அதாவது இணைப்பு நுழையும் எண்ணிட்ட வாசலைச் சோதியுங்கள். ரிமோட் டெஸ்க்டாப் பயன்படுத்துவது 3389 என்ற டிசிபி போர்ட். கீழே உள்ள லேப்டாப்பில் பவர்ஷெல் திறந்து 'டெஸ்ட்-நெட்கனெக்‌ஷன்' கட்டளையைத் தட்டுங்கள். டி, என், சி என்ற மூன்று எழுத்துச் சுருக்கமும் போதும். அதை அடுத்து 192.168.1.20, பிறகு ஒரு சிறு கோடு (-) போட்டு 'போர்ட்' என்ற சொல், பிறகு 3389. விடையின் கடைசி வரியில் 'ட்ரூ' என்று வந்தால் வழி திறந்திருக்கிறது, சிக்கல் கணக்கில்தான். 'ஃபால்ஸ்' என்று வந்தால் வழியில் அடைப்பு. வெறும் பிங் (கணினி பதில் சொல்கிறதா என்று கேட்கும் கட்டளை) கொடுத்துப் பார்த்து முடிவு கட்டாதீர்கள். விண்டோஸ் ஃபயர்வால் பிங்குக்குப் பதில் சொல்லாமலே இருக்கலாம்; ஆனாலும் ரிமோட் டெஸ்க்டாப் வேலை செய்யும்.

'ஃபால்ஸ்' வந்தால் மறுபடி மாடிக்கு. எதிர்முனையின் கமாண்ட் ப்ராம்ப்டில் 'நெட்ஸ்டாட்', ஒரு இடைவெளி, கோடு, ஏ, என் என்று கொடுங்கள். நீண்ட பட்டியல் வரும். அதில் 0.0.0.0:3389 என்ற வரியும் அதன் எதிரே 'லிஸனிங்' என்ற சொல்லும் இருக்கிறதா என்று தேடுங்கள். இல்லையென்றால் ரிமோட் டெஸ்க்டாப் அணைந்திருக்கிறது. செட்டிங்ஸ், சிஸ்டம், ரிமோட் டெஸ்க்டாப் போய் ஸ்விட்சைப் போடுங்கள். அந்த வரி இருந்தும் வெளியிலிருந்து 'ஃபால்ஸ்' வந்தால் தடுப்பது ஃபயர்வால்.

ஃபயர்வால் என்றால் இரண்டு இடம் பார்க்க வேண்டும். செட்டிங்ஸின் நெட்வொர்க் பகுதியில், இணைந்திருக்கும் வைஃபையின் ப்ராப்பர்ட்டீஸ் திறந்தால், அது 'பப்ளிக்' என்றோ 'பிரைவேட்' என்றோ இருக்கும். ரவுட்டர் மாற்றினாலும் வைஃபைக்குப் புதுப் பெயர் வைத்தாலும் விண்டோஸ் அதைப் புது நெட்வொர்க்காக எடுத்துக்கொண்டு 'பப்ளிக்' என்று போட்டுவிடும். வீட்டு வைஃபையை 'பிரைவேட்' ஆக்குங்கள். பிறகு விண்டோஸ் செக்யூரிட்டியில் ஃபயர்வாலின் 'அலவ் அன் ஆப்' பட்டியலில் ரிமோட் டெஸ்க்டாப்புக்கு எதிரே பிரைவேட் கட்டத்தில் டிக் இருக்கிறதா என்று பாருங்கள். தனியாக ஆன்டிவைரஸ் வாங்கிப் போட்டிருந்தால் அதற்குள்ளும் ஒரு ஃபயர்வால் இருக்கும். விண்டோஸில் நீங்கள் எத்தனை டிக் போட்டாலும் அது தன் போக்கில் தடுக்கும்.

முகவரி மாறுவதுதான் காரணம் என்றால் ஒரே தடவையில் தீர்த்துவிடலாம். ரவுட்டரின் நிர்வாகப் பக்கத்தில், டிஎச்சிபி (சாதனங்களுக்கு ஐபி முகவரி கொடுக்கும் வசதி) பகுதியில், 'அட்ரஸ் ரிசர்வேஷன்' அல்லது 'ஸ்டாட்டிக் லீஸ்' என்று ஓர் ஏற்பாடு இருக்கும். எதிர்முனைக் கணினியின் மேக் முகவரியை, அதாவது அதன் நெட்வொர்க் வன்பொருளின் அடையாள எண்ணைக் கொடுத்து 192.168.1.20 என்ற எண்ணை அதற்கே ஒதுக்கிவிடுங்கள். 'ஐபிகான்ஃபிக்' கட்டளையோடு சாய்கோடும் 'ஆல்' என்ற சொல்லும் சேர்த்தால் 'ஃபிசிக்கல் அட்ரஸ்' என்று மேக் முகவரி தெரியும். இங்கே இரண்டு கவனம் வேண்டும். ஒரே கணினியில் கேபிளுக்கு ஒரு மேக் முகவரி, வைஃபைக்கு வேறொன்று. எதில் இணைத்திருக்கிறீர்களோ அதைக் கொடுங்கள். வைஃபை என்றால் அந்த நெட்வொர்க்குக்கு 'ரேண்டம் ஹார்ட்வேர் அட்ரஸ்' வசதியை அணைத்துவிடுங்கள். அணைக்காவிட்டால் கணினி வேறொரு மேக் முகவரியைக் காட்டும், ஒதுக்கீடு பலிக்காது.

புது லேப்டாப்பின் செட்டிங்ஸில் ரிமோட் டெஸ்க்டாப்பைத் திறந்தால், உங்கள் விண்டோஸ் பதிப்பில் இந்த வசதி இல்லை என்கிறது. கடையில் ஏமாற்றிவிட்டார்களா? – வாசகி, ஈரோடு

இல்லை. உங்களிடம் இருப்பது விண்டோஸ் ஹோம். ஹோம் பதிப்பிலிருந்து பிற கணினிகளைத் திறக்கலாம், ஹோம் பதிப்பைப் பிறர் திறக்க முடியாது. ப்ரோ, எண்டர்பிரைஸ், எஜுகேஷன் பதிப்புகளில்தான் உள்ளே வரும் வழி உண்டு. செட்டிங்ஸ், சிஸ்டம், அபவுட் பக்கத்தில் 'எடிஷன்' என்ற வரியில் எது என்று தெரியும்.

செலவில்லாத வழியை முதலில் யோசியுங்கள். வீட்டில் இன்னொரு கணினி ப்ரோ பதிப்பாக இருந்தால் திசையைத் திருப்பிவிடலாம்: ப்ரோவை எதிர்முனையாக வைத்து, ஹோம் லேப்டாப்பிலிருந்து திறக்கலாம். அதற்கு வழியில்லை என்றால் மைக்ரோசாஃப்ட் ஸ்டோர் வழியாகவே ப்ரோவுக்கு மாறலாம், கோப்புகள் அப்படியே இருக்கும். பணம் கொடுக்க விருப்பமில்லையென்றால் குரோம் ரிமோட் டெஸ்க்டாப் அல்லது ரஸ்ட்டெஸ்க் போதும். டைட்விஎன்சியும் இலவசம்தான், 5900 போர்ட்டில் இயங்கும். ஆனால் அதன் பாஸ்வேர்டில் முதல் எட்டு எழுத்துகள் மட்டுமே கணக்கில் வரும், திரைக்காட்சியும் மறையாக்கம் இல்லாமல் போகும். வீட்டு நெட்வொர்க்கைத் தாண்டி அதை வெளியே விடக் கூடாது.

ஹோம் பதிப்பிலேயே இந்த வசதியைத் திறந்துவிடும் 'ஆர்டிபி ராப்பர்' போன்றவற்றை யூடியூப் வீடியோக்கள் சிபாரிசு செய்யும். வேண்டாம். அது விண்டோஸின் ஓர் உள் கோப்பின் குறிப்பிட்ட பதிப்பை நம்பி இயங்குவது. ஒரு அப்டேட்டில் அந்தக் கோப்பு மாறினால் அன்றே படுத்துவிடும். உரிம விதிகளுக்கும் புறம்பானது.

பாஸ்வேர்டு சரியாகத்தான் கொடுக்கிறேன். 'யுவர் கிரெடென்ஷியல்ஸ் டிட் நாட் வொர்க்' என்று திருப்பி அனுப்புகிறது. அதே கணினியின் முன்னால் உட்கார்ந்தால் தினமும் உள்ளே போகிறேன். – வாசகர், மதுரை

முன்னால் உட்காரும்போது நீங்கள் கொடுப்பது நான்கு அல்லது ஆறு இலக்க பின் எண்ணாக இருக்கும். பின், விரல்ரேகை, முகம் மூன்றும் அந்தக் கணினிக்கு மட்டுமே சொந்தமானவை, நெட்வொர்க் வழியே செல்லாது. ரிமோட் டெஸ்க்டாப் கேட்பது கணக்கின் பாஸ்வேர்டை. மைக்ரோசாஃப்ட் கணக்கு என்றால் பயனர் பெயராக முழு மின்னஞ்சல் முகவரி, பாஸ்வேர்டாக அந்த மைக்ரோசாஃப்ட் கணக்கின் பாஸ்வேர்டு.

அதைக் கொடுத்தும் மறுத்தால் ஒரு நுட்பமான காரணம் உண்டு. இதில்தான் பலர் நாள்கணக்கில் தடுமாறுகிறார்கள். கணினி வாங்கிய நாளிலிருந்து பின் எண் வழியாகவே நுழைந்துகொண்டிருந்தால், உங்கள் பாஸ்வேர்டை அந்தக் கணினி ஒருமுறைகூடப் பார்த்திருக்காது. பார்க்காத பாஸ்வேர்டை அதனால் ஒப்பிட்டுச் சரிபார்க்க இயலாது. எதிர்முனைக்குப் போய் செட்டிங்ஸ், அக்கவுன்ட்ஸ், சைன்-இன் ஆப்ஷன்ஸ் திறந்து, மைக்ரோசாஃப்ட் கணக்குகளுக்கு விண்டோஸ் ஹலோவை (பின் எண், விரல்ரேகை, முகம்) மட்டும் அனுமதிக்கும் ஸ்விட்சை அணையுங்கள். விண்டோஸ் விசையையும் எல் எழுத்தையும் சேர்த்து அழுத்தித் திரையைப் பூட்டுங்கள். மறுபடி நுழையும்போது 'சைன்-இன் ஆப்ஷன்ஸ்' என்பதைத் தொட்டு, சாவிப் படத்தைத் தேர்ந்தெடுத்து, பாஸ்வேர்டைத் தட்டி உள்ளே போங்கள். கணினி அப்போது இணையத்தில் இருக்க வேண்டும். ஒரே ஒரு தடவை செய்தால் போதும். பிறகு வழக்கம்போல பின் எண்ணுக்குத் திரும்பலாம்.

உள்ளூர்க் கணக்கு என்றால் பயனர் பெயருக்கு முன்னால் எதிர்முனைக் கணினியின் பெயரையும் ஒரு பின்சாய்கோட்டையும் சேர்த்துக் கொடுங்கள். வெறும் பெயரைக் கொடுத்தால், நீங்கள் உட்கார்ந்திருக்கும் கணினியின் கணக்காக அது எடுத்துக்கொள்ளப்படலாம்.

சமீபத்தில் பாஸ்வேர்டு மாற்றினீர்களா? கன்ட்ரோல் பேனலில் கிரெடென்ஷியல் மேனேஜர் திறந்து, விண்டோஸ் கிரெடென்ஷியல்ஸ் பட்டியலில் 'டெர்ம்எஸ்ஆர்வி' என்று தொடங்கும் பதிவை நீக்குங்கள். பழைய பாஸ்வேர்டு அங்கே ஒட்டிக்கொண்டிருந்தால் ஒவ்வொரு முறையும் தவறான முயற்சி ஒன்று பதிவாகும். விண்டோஸ் 11-இன் 22எச்2 பதிப்பு முதல், புதிதாக நிறுவிய கணினிகளில் 10 நிமிடத்துக்குள் 10 தவறான முயற்சி நடந்தால் கணக்கு 10 நிமிடம் பூட்டிக்கொள்ளும். அந்த நேரத்தில் சரியான பாஸ்வேர்டைக் கொடுத்தாலும் பயனில்லை, காத்திருக்கத்தான் வேண்டும்.

அப்பாவின் கணினியில் பாஸ்வேர்டே கிடையாது. அவருக்கு அது தொல்லை. பாஸ்வேர்டு இல்லாமல் திறக்க வழி உண்டா? – வாசகி, நாகர்கோவில்

பாஸ்வேர்டு இல்லாத கணக்கை நெட்வொர்க் வழியே திறக்க விண்டோஸ் இயல்பாகவே அனுமதிக்காது. 'யூசர் அக்கவுன்ட் ரெஸ்ட்ரிக்‌ஷன்' என்று செய்தி வருவது இதனால்தான். அந்தத் தடையைக் கொள்கை அமைப்பில் நீக்க முடியும் என்றாலும் செய்யாதீர்கள். வைஃபை பாஸ்வேர்டு தெரிந்த யாரும் உள்ளே போய்விடலாம். அப்பாவின் கணக்கைத் தொடாமல், உங்களுக்கென்று பாஸ்வேர்டோடு தனிக் கணக்கு ஒன்று அதில் உருவாக்குங்கள். ரிமோட் டெஸ்க்டாப் செட்டிங்ஸில் 'ரிமோட் டெஸ்க்டாப் யூசர்ஸ்' பட்டியலில் அதைச் சேர்த்துவிடுங்கள். நிர்வாகி அல்லாத கணக்கு இந்தப் பட்டியலில் இல்லாவிட்டால், பாஸ்வேர்டு சரியாக இருந்தாலும் அனுமதி கிடையாது.

ஒன்று நினைவில் இருக்கட்டும்: விண்டோஸின் ப்ரோ பதிப்பில் ஒரு நேரத்தில் ஒருவர்தான். நீங்கள் உள்ளே நுழைந்தால் அப்பாவின் திரை பூட்டிக்கொள்ளும். அவர் திரையை அவரோடு சேர்ந்து பார்த்து உதவி செய்வதுதான் நோக்கம் என்றால், விண்டோஸோடு வரும் 'குயிக் அசிஸ்ட்' அதற்கென்றே உள்ளது. அவர் அந்தப் பக்கம் உட்கார்ந்து அனுமதி கொடுத்தால் இருவரும் ஒரே திரையைப் பார்க்கலாம்.

கீழ்த்தளத்தில் இணைய நிறுவனம் கொடுத்த ஃபைபர் பெட்டி. மாடிக்கு வைஃபை எட்டாததால் ஒரு ரவுட்டர் வாங்கி அதிலிருந்து கேபிள் இழுத்தோம். மாடி லேப்டாப்பிலிருந்து கீழ்க் கணினியைத் திறக்க முடிகிறது. கீழிருந்து மாடியைத் திறக்க முடியவில்லை. ஒருவழிப் பாதையாக இருப்பது எப்படி? – வாசகர், திருநெல்வேலி

உங்கள் கேள்வியிலேயே விடை இருக்கிறது. ஒரு திசையில் மட்டும் இணைகிறது என்றால், வீட்டுக்குள் இரண்டு நெட்வொர்க் ஓடுகிறது என்று பொருள்.

இரண்டு கணினிகளிலும் ஐபி முகவரியைப் பாருங்கள். கீழே 192.168.1 என்றும் மாடியில் 192.168.0 என்றும் தொடங்கும். ஃபைபர் பெட்டியே ஒரு ரவுட்டர். அதிலிருந்து வரும் கேபிளைப் புது ரவுட்டரின் 'வான்' போர்ட்டில் (இணையம் வரும் கேபிளுக்கான துளை) சொருகியிருப்பீர்கள். பெரும்பாலும் நீல நிறத்தில், தனியாக இருக்கும் போர்ட். அப்படிச் சொருகும்போது புது ரவுட்டர் ஃபைபர் பெட்டியை இணையம் என்றே நினைத்துக்கொள்கிறது. அடுக்குமாடிக் குடியிருப்பின் காவலாளி உள்ளிருந்து போகிறவர்களை விட்டுவிட்டு, வெளியிலிருந்து வருகிறவர்களை நிறுத்துவதுபோல, மாடியிலிருந்து கிளம்பும் அழைப்புகளை அனுப்பிவிட்டு, கீழிருந்து மேலே வரும் அழைப்புகளை நிறுத்திவிடுகிறது.

புது ரவுட்டரை 'ஆக்சஸ் பாயின்ட்' முறைக்கு (வைஃபையை மட்டும் பரப்பும் முறை) மாற்றினால் தீர்ந்தது. பெரும்பாலான ரவுட்டர்களின் நிர்வாகப் பக்கத்தில் 'ஆபரேஷன் மோட்' என்ற இடத்தில் இது இருக்கும். அந்த வசதி இல்லாத பழைய ரவுட்டர் என்றால் கையாலேயே செய்யலாம், வரிசை மாறக் கூடாது. முதலில் மாடி ரவுட்டரின் லேன் (வீட்டுக்குள் இருக்கும் நெட்வொர்க்) முகவரியை 192.168.1.2 என்று மாற்றுங்கள். அது மறுபடி தொடங்கியதும் அந்தப் புது முகவரியில் நுழைந்து டிஎச்சிபி சர்வரை அணையுங்கள். அதற்குப் பிறகு கேபிளை 'வான்' போர்ட்டிலிருந்து எடுத்து 'லேன்' போர்ட் ஒன்றில் சொருகுங்கள். டிஎச்சிபியை அணைக்காமல் கேபிளை மாற்றினால், இரண்டு பெட்டிகளும் போட்டி போட்டுக்கொண்டு முகவரி கொடுக்கும், வீட்டில் பாதிச் சாதனங்களுக்கு இணையமே போய்விடும். 192.168.1.2 என்ற எண்ணை ஃபைபர் பெட்டி வேறு யாருக்கும் கொடுக்காதபடி அதன் டிஎச்சிபி வரம்பை 192.168.1.10-லிருந்து தொடங்கும்படி வைத்துவிடுங்கள்.

ஒரே ரவுட்டர்தான் இருக்கிறது, ஆனாலும் கணினிகள் ஒன்றையொன்று பார்க்கவில்லை என்று எழுதியிருக்கும் மற்றவர்கள், ஏதாவது ஒரு கணினி 'கெஸ்ட்' வைஃபையில் இருக்கிறதா என்று பாருங்கள். விருந்தினர் வைஃபை என்பதே வீட்டுச் சாதனங்களிலிருந்து பிரித்து வைப்பதற்காக உள்ளது. முதன்மை வைஃபையிலும் 'ஏபி ஐசோலேஷன்' அல்லது 'கிளையன்ட் ஐசோலேஷன்' என்ற டிக் விழுந்திருந்தால் இதே கதிதான்.

அலுவலக லேப்டாப்பில் விபிஎன் போட்டவுடன் வீட்டுக் கணினி காணாமல் போகிறது. – வாசகர், சென்னை

விபிஎன் (இணையம் வழியே இன்னொரு நெட்வொர்க்குக்குப் போடும் பாதுகாப்பான பாதை) உங்கள் லேப்டாப்பின் எல்லாப் போக்குவரத்தையும் அலுவலகத்துக்கு அனுப்புகிறது. வீட்டுக் கணினிக்கான அழைப்பும் அங்கே போய்த் தொலைகிறது. சில விபிஎன் மென்பொருள்களில் 'அலவ் லோக்கல் லேன் ஆக்சஸ்' என்று ஒரு டிக் உண்டு. அது திறந்திருக்க வேண்டுமா என்பதை முடிவு செய்வது உங்கள் அலுவலக ஐடி பிரிவு. அலுவலக நெட்வொர்க்கும் 192.168.1 என்றே தொடங்கினால், எண் மோதலாலும் இப்படி ஆகும். அப்போது வீட்டு ரவுட்டரின் எண்ணை 192.168.57 போன்ற ஒன்றுக்கு மாற்றிப் பாருங்கள். அலுவலகக் கணினியில் தடையைச் சுற்றிப் போக வேறு மென்பொருள் எதையும் நிறுவ வேண்டாம்.

ஐபோனில் ரிமோட் டெஸ்க்டாப்புக்கான 'விண்டோஸ் ஆப்' போட்டேன். பிழை எண் 204 என்று முடிகிறது. லேப்டாப்பிலிருந்து அதே முகவரி வேலை செய்கிறது. – வாசகி, யாழ்ப்பாணம்

லேப்டாப்பில் வேலை செய்வதால் எதிர்முனையில் குற்றமில்லை. ஐபோனின் செட்டிங்ஸில் 'பிரைவசி அண்ட் செக்யூரிட்டி', அதில் 'லோக்கல் நெட்வொர்க்' திறந்து, விண்டோஸ் ஆப் எதிரே உள்ள ஸ்விட்சைப் போடுங்கள். ஐஓஎஸ் 14 முதல், வீட்டுக்குள் இருக்கும் சாதனங்களைத் தொட ஒவ்வொரு செயலியும் அனுமதி கேட்கிறது. முதல் தடவை கேட்டபோது 'வேண்டாம்' என்று தட்டியிருப்பீர்கள். ஆப்பிளின் மேக் கணினிகளிலும் செக்கோயா பதிப்பு முதல் இதே அனுமதி வந்துவிட்டது. போன் அந்த நேரத்தில் மொபைல் டேட்டாவில் இல்லாமல் வைஃபையில்தான் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இணைப்பு கிடைக்கிறது. ஆனால் சில நிமிடத்துக்கு ஒருமுறை திரை உறைந்துவிடுகிறது. சில சமயம் வெறும் கருப்புத் திரை. – வாசகர், கோயம்புத்தூர்

உறைவதும் கருப்பாவதும் வேறு வேறு நோய்கள்.

உறைவதற்கு முதல் சந்தேகம் வைஃபை. இரண்டு கணினியும் வைஃபையில் இருந்தால் ஒவ்வொரு திரைக்காட்சியும் காற்றில் இரண்டு தடவை பயணம் செய்கிறது: எதிர்முனையிலிருந்து ரவுட்டருக்கு ஒன்று, ரவுட்டரிலிருந்து உங்களுக்கு ஒன்று. எதிர்முனையை மட்டுமாவது கேபிளில் இணைத்தால் சுமை பாதியாகும். அது முடியாவிட்டால் இரண்டையும் 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு மாற்றுங்கள். 2.4 கிகாஹெர்ட்ஸில் அக்கம்பக்கத்து வீடுகளின் வைஃபையும் புளூடூத்தும் மைக்ரோவேவ் அடுப்பும் சேர்ந்து நெரிசல்.

கேபிளிலும் உறைகிறது என்றால் யுடிபியைச் சந்தேகியுங்கள். டிசிபியைப் போல அதுவும் தரவை அனுப்பும் ஒரு முறை. ரிமோட் டெஸ்க்டாப் டிசிபியில் தொடங்கி, முடிந்தால் வேகத்துக்காக யுடிபியையும் சேர்த்துக்கொள்ளும். சில ரவுட்டர்களிலும் விபிஎன்களிலும் அந்த யுடிபி பாதை நடுவில் அறுந்துபோய், திரை அப்படியே நிற்கும். சோதிப்பது எளிது. எதிர்முனையில் 'விண்டோஸ் டிஃபெண்டர் ஃபயர்வால் வித் அட்வான்ஸ்டு செக்யூரிட்டி' திறந்து, 'இன்பவுண்ட் ரூல்ஸ்' பட்டியலில் 'ரிமோட் டெஸ்க்டாப் – யூசர் மோட்' என்று தொடங்கி 'யுடிபி-இன்' என்று முடியும் விதியை மட்டும் அணையுங்கள். டிசிபி விதியைத் தொட வேண்டாம். இணைப்பைத் துண்டித்து மறுபடி இணைத்தால் டிசிபியில் மட்டும் ஓடும். உறைதல் நின்றுவிட்டால் அப்படியே விட்டுவிடுங்கள். வீட்டுக்குள் வேக வித்தியாசம் அவ்வளவாகத் தெரியாது.

கருப்புத் திரை வந்தால் உடனே மூடிவிடாமல் கன்ட்ரோல், ஆல்ட், எண்ட் மூன்றையும் அழுத்துங்கள். இங்கே கன்ட்ரோல்-ஆல்ட்-டெலீட் அழுத்தினால் அது உங்கள் முன்னால் இருக்கும் கணினிக்குத்தான் போகும்; எதிர்முனைக்கு அனுப்புவது எண்ட் விசை. டாஸ்க் மேனேஜர் வந்தால் 'ரன் நியூ டாஸ்க்' கொடுத்து 'எக்ஸ்ப்ளோரர்' என்று தட்டுங்கள். பல சமயம் திரை திரும்பிவிடும். அடிக்கடி கருப்பாகிறது என்றால் எதிர்முனையின் கிராஃபிக்ஸ் டிரைவரைப் புதுப்பியுங்கள். அதிலும் தீராவிட்டால் குரூப் பாலிசி எடிட்டரில், ரிமோட் டெஸ்க்டாப் செஷன் ஹோஸ்டின் 'ரிமோட் செஷன் என்விரான்மென்ட்' பகுதியில், 'டபிள்யுடிடிஎம்' டிரைவரைப் பயன்படுத்தச் சொல்லும் அமைப்பை 'டிசேபிள்டு' ஆக்கி, கணினியை அணைத்துப் போடுங்கள்.

ரிமோட்டில் தமிழ் தட்டச்சு குழம்புகிறது. காப்பி-பேஸ்ட்டும் திடீரென்று நின்றுவிடுகிறது. – வாசகர், திருச்சி

தட்டச்சு மென்பொருள் இரண்டு முனையிலும் ஓடினால், ஒன்று மாற்றியதை மற்றொன்று மறுபடி மாற்றப் பார்க்கும். எதிர்முனையில் மட்டும் ஓடட்டும், உங்கள் பக்கம் அணைத்துவிட்டு ஆங்கில விசைப்பலகையில் வைத்துக்கொள்ளுங்கள். விண்டோஸிலேயே உள்ள தமிழ் 99 பயன்படுத்துகிறவர்கள் எதிர்முனையிலும் அதைச் சேர்க்க வேண்டும். விண்டோஸ் விசையும் ஸ்பேஸும் அழுத்தி மொழி மாற்றும்போது எந்தக் கணினியில் மாறுகிறது என்பதைத் தீர்மானிப்பது ரிமோட் டெஸ்க்டாப் சாளரத்தின் 'லோக்கல் ரிசோர்சஸ்' தாவலில் உள்ள 'கீபோர்டு' அமைப்பு. அதை 'ஆன் தி ரிமோட் கம்ப்யூட்டர்' என்று வையுங்கள். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டிய கோப்புகளைத் திறந்தால், அந்த எழுத்துரு எதிர்முனையில் இருக்க வேண்டும். திரையை வரைவது அந்தக் கணினிதான்.

காப்பி-பேஸ்ட்டுக்கு: எதிர்முனையின் டாஸ்க் மேனேஜரில் 'ஆர்டிபிகிளிப்' என்ற நிரலை 'எண்ட் டாஸ்க்' செய்து, 'ரன் நியூ டாஸ்க்' வழியாக அதே பெயரைத் தட்டி மறுபடி தொடங்குங்கள்.

வெளியூர் போனாலும் வீட்டுக் கணினியைத் திறக்க வேண்டும். ரவுட்டரில் 3389 போர்ட்டைத் திறந்துவிட்டால் போதும் என்கிறார்கள். – வாசகர், சேலம்

தயவுசெய்து செய்யாதீர்கள். இணையத்தில் திறந்து கிடக்கும் 3389 போர்ட்டுகளைத் தேடி, பாஸ்வேர்டுகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கும் தானியங்கி நிரல்கள் இரவு பகலாக ஓடுகின்றன. பிணைத்தொகை கேட்டுக் கோப்புகளைப் பூட்டும் கும்பல்கள் நுழையும் முக்கிய வாசல்களில் இதுவும் ஒன்று. 2019 மே மாதம் வெளியான 'புளூகீப்' என்ற ஓட்டை பாஸ்வேர்டே இல்லாமல் உள்ளே நுழைய வழிகொடுத்தது. ஆதரவு முடிந்திருந்த விண்டோஸ் எக்ஸ்பிக்குக்கூட மைக்ரோசாஃப்ட் திருத்தம் வெளியிடும் அளவுக்கு அது ஆபத்தானது. 3389-ஐ 33890 என்று மாற்றிவைத்தால் தப்பலாம் என்பதும் நம்பத்தக்கதல்ல. எல்லாப் போர்ட்டுகளையும் துழாவுகிறவர்களுக்கு அது தடையே ஆகாது.

பாதுகாப்பான வழி, முதலில் விபிஎன் மூலம் வீட்டு நெட்வொர்க்குக்குள் வந்து, பிறகு ரிமோட் டெஸ்க்டாப்பைத் திறப்பது. ரவுட்டரில் வயர்கார்டு என்ற விபிஎன் வசதி இருந்தால் அதைப் பயன்படுத்தலாம். ஆனால் உங்கள் ரவுட்டருக்கு உண்மையான பொது முகவரி கிடைத்திருக்கிறதா என்று பாருங்கள். நிர்வாகப் பக்கத்தில் 'வான் ஐபி' 100.64 முதல் 100.127 வரை ஏதாவதொன்றில் தொடங்கினால், பல வீடுகளை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் வைத்திருக்கிறார்கள். அப்போது போர்ட்டைத் திறந்தாலும் வெளியிலிருந்து எதுவும் வந்து சேராது. அத்தகைய வீடுகளுக்கு டெயில்ஸ்கேல் என்ற விபிஎன் மென்பொருள் பொருத்தம். இரண்டு கணினியிலும் நிறுவி ஒரே கணக்கில் நுழையுங்கள். எதிர்முனைக்கு அது கொடுக்கும் 100 என்று தொடங்கும் முகவரியை ரிமோட் டெஸ்க்டாப்பில் கொடுத்தால் போதும். ரவுட்டரில் எதையும் திறக்க வேண்டியதில்லை.

வெளியூரில் இருக்கும்போது மின்வெட்டு வந்தால்? கணினியின் பயாஸ் (விண்டோஸ் தொடங்குமுன் ஓடும் அடிப்படை நிரல்) அமைப்பில் 'ரிஸ்டோர் ஆன் ஏசி பவர் லாஸ்' என்று ஒன்று இருக்கும், தாய்ப்பலகைக்குத் தகுந்தபடி பெயர் சற்று மாறும். அதை 'பவர் ஆன்' என்று வைத்தால் மின்சாரம் வந்ததும் கணினி தானே எழும். தூரத்திலிருந்து எழுப்பும் 'வேக் ஆன் லேன்' வசதியை மட்டும் நம்பாதீர்கள்: அது பெரும்பாலும் கேபிள் இணைப்பில்தான் பலிக்கும், மின்சாரம் முழுவதும் போய் வந்த பிறகு பல கணினிகளில் வேலை செய்யாது.

பழைய விண்டோஸ் 7 கணினியிலிருந்து இணைத்தால் 'கிரெட்எஸ்எஸ்பி' என்று ஏதோ பிழை. – வாசகர், வேலூர்

கிரெட்எஸ்எஸ்பி என்பது உங்கள் பாஸ்வேர்டு விவரத்தை எதிர்முனைக்கு அனுப்பும் பகுதி. 2018-இல் அதிலிருந்த ஒரு பாதுகாப்பு ஓட்டையை அடைத்தபோது, திருத்தம் போட்ட கணினி திருத்தம் போடாத கணினியோடு பேச மறுக்கும்படி மைக்ரோசாஃப்ட் மாற்றியது. அந்த ஆண்டு மே மாதத்துக்குப் பிந்தைய அப்டேட்டுகள் பழைய கணினியில் ஏறியிருந்தால் பிழை போய்விடும். புதுக் கணினியின் பாதுகாப்பைத் தளர்த்தச் சொல்லும் குறிப்புகளைப் பின்பற்றாதீர்கள்.

ஒவ்வொரு முறையும் 'இந்தக் கணினியின் அடையாளத்தைச் சரிபார்க்க முடியவில்லை' என்று மஞ்சள் எச்சரிக்கை. யாராவது ஊடுருவுகிறார்களா? – வாசகி, காரைக்கால்

எதிர்முனைக் கணினி தனக்குத் தானே எழுதிக்கொண்ட சான்றிதழைக் காட்டுகிறது. வெளி அமைப்பு எதுவும் கையொப்பமிடாததால் எச்சரிக்கை வருகிறது. வீட்டுக்குள் இது இயல்பு. முகவரி சரிதானா என்று பார்த்துவிட்டு, 'டோன்ட் ஆஸ்க் மீ அகெய்ன்' டிக் போட்டு 'யெஸ்' கொடுங்கள். அதற்குப் பிறகு என்றாவது இதே எச்சரிக்கை மறுபடி வந்தால் மட்டும் நிதானியுங்கள். எதிர்முனையில் விண்டோஸ் மறுபடி நிறுவப்பட்டிருக்கலாம், சான்றிதழ் காலாவதியாகிப் புதிதாக உருவாகியிருக்கலாம், அல்லது அதே ஐபி முகவரி வேறொரு கணினிக்குப் போயிருக்கலாம். எது என்று தெரியும்வரை பாஸ்வேர்டைத் தட்டாதீர்கள்.